பூக்குழி நடுவில் நின்ற பொன்னுத்தாயி

“ஏலே இன்னாசி, ஷூவக் கழட்டிட்டு உள்ள வா.”

ஏழு மாதம் எதிரியின் பிடியில் கிடந்துவிட்டுத் திரும்பிய மகனிடம், வீட்டு வாசலில் வைத்து என் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். திண்டுக்கல் ரயிலடியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் எதுவும் பேசவில்லை. ஆட்டோவில் வரும்போதும் பேசவில்லை. ஓடுகிற வண்டியில் இருந்து நான் குதித்து மறுபடியும் பனிமலைக்கே போய்விடுவேன் என்று நினைத்தவள் போல என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். சொந்த வாசல்படி கண்ணில் பட்டதும்தான் பழைய அம்மாவானாள்.

நான் ஷூவைக் கழட்டவில்லை.

“கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரும்மா” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்த நடுவீட்டுக்குள் ஷூக்காலோடு நடந்து போனேன். தெருவே வாசலில் கூடி நின்று பார்த்தது. செத்துப் பிழைத்து வந்தவன் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி பிலோமினா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் நடையைப் பார்த்தாள். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளில் எது வயிற்றுவலி என்று பொய் சொல்கிறது, எதற்கு நிஜமாகவே வலிக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. வந்தவர்கள் எல்லாம் போனதும் அறைக்கதவைச் சாத்தினாள்.

“காலைக் காட்டுங்க.”

காட்டினேன். இடது காலில் பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் இல்லை.

குனிந்து பார்த்தாள். “இம்புட்டுத்தானா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அடித்தார்களா என்று கேட்பவர்களுக்கு

இந்தத் தொடரைப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். அடித்தார்களா?

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் நான் வயர்லெஸ் பெட்டி சுமப்பவன். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு குளிர்காலத்தில் எங்கள் ரோந்துக் குழு பனிப்புயலில் சிதறியது. நான் ஒரு பள்ளத்தில் சறுக்கி விழுந்தேன். விழுந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டு நாள் கழித்து எதிரி ரோந்துக்காரர்கள் வந்தார்கள். என்னைப் பிடித்தார்கள் என்று எழுதினால் எனக்கு ரொம்ப மரியாதை கொடுத்ததாகிவிடும். கீழே விழுந்து கிடந்த சாமானைப் பொறுக்குவது போலப் பொறுக்கி எடுத்தார்கள்.

அடித்தார்கள். முதல் சில வாரங்கள். அதை விவரமாக எழுதி, பஸ்ஸில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களின் பகல் சோற்றைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

அடியெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது அந்த அறையின் அமைதி. கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதன் வழியே வெளிச்சம் மட்டும் வரும், சத்தம் வராது. தமிழில் ஒரு வார்த்தை கேட்டு எத்தனை நாளாயிற்று என்ற கணக்கு தப்பிப்போனதும் நானே வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். முதலில் ஜெபமாலை சொன்னேன். அது முடிந்ததும் எங்கள் ஊர் பஸ் நிலையத்துக் கண்டக்டர்களைப் போல, “செம்பட்டி, வத்தலக்குண்டு! செம்பட்டி, வத்தலக்குண்டு!” என்று கூவுவேன். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், கூடைக்காரிகள் எல்லாரும் அறைக்குள் வந்துவிடுவார்கள்.

அங்கே ஒரு வயதான காவல்காரர் இருந்தார். நான் கூவுவதையும் ஜெபம் என்றே நினைத்துவிட்டார். ஒரு நாள் காலை ரொட்டியைத் தள்ளிவிட்டு, கதவு ஓட்டை வழியாக மரியாதையாகத் தலையைச் சாய்த்து, “செம்பட்டி” என்றார். நானும் “செம்பட்டி” என்றேன். அன்றிலிருந்து அதுதான் எங்களுக்குள் வணக்கம். போரில் நான் கண்ட அதிசயங்களில் அதுவும் ஒன்று.

வீட்டுக்குக் கடிதம் எழுத ஒரே ஒரு முறை அனுமதித்தார்கள். ‘நலமாக இருக்கிறேன்’ என்று எழுதினேன். நான் ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் அது வந்து சேர்ந்தது. தபால்காரரிடம் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

விரல்கள் போனது அடியால் அல்ல, பனியால். கறுத்துப்போன காலைப் பல வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அவர்களுடைய ராணுவ டாக்டர் ஒருவர் அறுத்தார். அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு கிணற்றடிக்குப் போக வேண்டும்.

என் பூட்ஸ் செய்த காரியம்

வந்த மூன்றாம் நாள் பிலோமினாவிடம், “அம்மாகிட்ட விரல் விஷயத்தச் சொல்லிரலாம். எத்தனை நாளைக்கு ஷூவோட படுக்கிறது?” என்றேன்.

“சொல்லலாம்” என்றவள் உடனே கையைக் காட்டி நிறுத்தினாள். “பொறுங்க. பொன்னுத்தாயி விஷயம் உங்களுக்குத் தெரியாதுல்ல?”

பொன்னுத்தாயி எங்களுக்கு வயல் பக்கத்துக்காரி. நத்தம் சாலையில் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு உண்டு. அதை ஒட்டினாற்போல் அவளுடைய பூக்காடு. கிணறு பொது. ஒரு நாள் அவள் முறை, மறுநாள் எங்கள் முறை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் மகள் செல்வியும் பூப் பறித்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட்டுப் பிழைத்துவந்தார்கள்.

நான் கடைசியாக லீவில் வந்தது மழை பொய்த்த ஓர் ஐப்பசியில். மறுநாள் காலை எனக்கு ரயில். அன்று தண்ணீர் முறை அவளுடையது. கிணற்றில் இருந்ததே அம்புட்டுத்தான். நான் போய் அவள் பக்கம் பாய்ந்த தண்ணீரை நிறுத்தி என் தென்னங்கன்றுகளுக்குத் திருப்பினேன்.

ஓடி வந்தாள். “என்ன தம்பி இது? நாத்து காயுது” என்று முறையாகத்தான் கேட்டாள். நான் முறையாகப் பதில் சொல்லவில்லை. “பட்டாளத்துக்காரன்கிட்ட வாய் குடுக்காத” என்று சொல்லிவிட்டு, வரப்பைச் சுற்றிப் போகாமல், அவளுடைய செண்டுப்பூ நாற்றுப் பாத்தியின் குறுக்கே பூட்ஸ் காலோடு நடந்து போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே நான்கு அறை அறையலாம் போலிருக்கிறது.

பொன்னுத்தாயி குனிந்தாள். மிதிபட்ட பாத்தியில் இருந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். என் முதுகுக்கு நேரே வாரித் தூற்றினாள்.

“எம் பாத்திய மிதிச்ச காலு ஊரு திரும்பாதுடா! திரும்பவே திரும்பாது!”

சுற்றிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மண்ணை வாரித் தூற்றுவது எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. வேறு எந்த வழியும் இல்லாதவர்கள் கடைசியாகச் செய்வது அது. தூற்றுகிறவர்களே அதற்குப் பயப்படுவார்கள். நான் சிரித்துக்கொண்டே போனேன்.

சில வாரத்தில் வீட்டுக்குத் தந்தி வந்தது. ‘காணவில்லை.’

ஊர் வைத்த பெயர்

அதன் பிறகு பொன்னுத்தாயிக்கு ஊர் வைத்த பெயர் கரிநாக்குக்காரி.

மார்க்கெட்டில் காலைப் போணியை அவளிடம் செய்ய யாரும் முன்வரவில்லை. மற்றவர்களிடம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவள் கூடைக்கு வந்தார்கள். விசேஷ வீடுகளில் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார்கள். செல்விக்கு வத்தலக்குண்டில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் மேல் குறை சொல்லவில்லை. தாயின் வாய்க்குப் பயம்.

என் அம்மா அவளோடு சண்டை போடவில்லை. ரோட்டில் அவளைப் பார்த்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். சண்டை போட்டிருந்தால் பொன்னுத்தாயி தாங்கியிருப்பாள் என்று பிலோமினா சொன்னாள்.

“இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்ற?”

“இனிமேத்தான் இருக்கு. மாசியில பூக்குழிக்குப் போயிருந்தேன்.”

“நீயா?”

“ஸ்கூல் டீச்சர்மாரெல்லாம் போனாங்க, நானும் போனேன். செபஸ்தியாரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. குறுக்கப் பேசாமக் கேளுங்க.”

எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலில் மாசித் திருவிழாவுக்குப் பூக்குழி இறங்குவார்கள். வண்டி வண்டியாக விறகை எரித்து, கங்குகளைத் தட்டிப் பரப்பி, ஒரு பஸ் நீளத்துக்கு நெருப்புப் பாய் விரித்தாற்போல் வைத்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கவே முகம் காந்தும். மஞ்சள் உடுத்தி, கையில் வேப்பிலையோடு வரிசையில் வருகிறவர்கள் ஏழெட்டு எட்டில் கடந்து ஓடிவிடுவார்கள். ஓடுவதில்தான் சூட்சுமம் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கேலி பேசுகிற யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை.

“பொன்னுத்தாயிக்கா மஞ்சச் சேலையில வந்துச்சு. உங்களுக்காகத்தான் எறங்குதுன்னு செல்வி முன்னாடியே சொல்லிருச்சு. எறங்குச்சு. நாலு எட்டு வச்சுச்சு. நின்னுருச்சு.”

“எங்க?”

“நடு நெருப்புல. நின்னு, கோயிலப் பாத்துக் கைய நீட்டி என்னமோ பேசுச்சுங்க. கும்பிடல. கெணத்தடியில வாய்க்கா சண்டைக்கு நிப்பாங்கள்ல, அந்த மாதிரி. ரெண்டு பக்கமும் சனம் கத்துது, ‘போத்தா, ஓடுத்தா’ன்னு. அது காதுலயே வாங்கல. பேச வேண்டியதப் பேசி முடிச்சிட்டு, அப்புறம்தான் காலெடுத்து வச்சுச்சு.”

“என்ன பேசுச்சு?”

“கொட்டுச் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு? செல்வி கேட்டதுக்கும் சொல்லலையாம். ரெண்டு காலும் வெந்துபோச்சு. ஒரு மாசம் படுக்கை. அதுக்கும் ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? சாமி ஏத்துக்கல, அதான் சுட்டுருச்சுன்னு.”

நான் சண்டையைப் பார்த்தவன். நெருப்புக்குள் புகுந்து ஓடிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஓடியிருக்கிறேன். ஓடத்தான் எங்களுக்குப் பழக்கினார்கள். நெருப்புக்குள் நின்று பேசிய ஒருவரை நான் எந்த மலையிலும் பார்க்கவில்லை. அதுவும் தன் பாத்தியை மிதித்தவனுக்காக! எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதவும் வெட்கமில்லை.

“இப்பச் சொல்லுங்க” என்றாள் பிலோமினா. “இந்தக் காலை ஊருக்குக் காட்டுனா என்ன பேசுவாங்க? அவ சொன்ன அதே காலு, அதே மாதிரி திரும்பலன்னுதான் பேசுவாங்க. செல்வி கல்யாணம் ஏழு சென்மத்துக்கும் நடக்காது.”

நான் ஷூவைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

அவள் கேட்ட ஒரே கேள்வி

மறுநாள் தோப்புக்குப் போனேன். பொன்னுத்தாயி கோழிக்கொண்டைப் பூ பறித்துக்கொண்டிருந்தாள். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை மண்ணில் படவிடாமல் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

“அக்கா” என்றேன்.

திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ஷூவைப் பார்த்தாள்.

“வந்துட்டியா, தம்பி.”

“வந்துட்டேன்க்கா. அன்னைக்கு நான் செஞ்சது பெரிய தப்பு. தண்ணியவும் நிப்பாட்டி, நாத்தையும் மிதிச்சு...”

“அது கெடக்கு, விடு. காலு நல்லாருக்கா, தம்பி?”

ஊர் முழுக்க என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்றது, கறுத்துவிட்டாய் என்றது, சோறு போட்டார்களா என்றது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“நல்லாருக்குக்கா.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

கையில் இருந்த பூவோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “ஆத்தா மாரியாத்தா, ஆத்தா மாரியாத்தா” என்று மட்டும் கேட்டது. அந்தப் பொய்யை உயிர் உள்ளவரை காப்பாற்றுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்த முடிவு ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. காரணம் என் அம்மா.

சாமியாரிடம் போன வழக்கு

நான் காணாமல் போனதும் அம்மா எங்கள் தெருக் கோயில் புனிதர் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டாள். மகன் திரும்பி வந்தால் ஆடித் திருவிழாவில் வெறுங்காலோடு சப்பரம் தூக்குவான் என்று. செபஸ்தியாரும் அந்தக் காலத்தில் விசுவாசத்துக்காக அம்படி வாங்கிய பட்டாளத்துக்காரர். அந்த உரிமையில் கேட்டிருக்கிறாள்.

வெறுங்கால் என்றால் குட்டு உடைந்துவிடும். பங்குச் சாமியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். “நேர்ச்சையை மாத்திக்கலாம், இன்னாசி. ஏழைகளுக்குச் சாப்பாடு போடு, போதும். நான் அம்மாகிட்டப் பேசுறேன்” என்றார்.

பேசினார். அம்மா கைகட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சாமி, நான் உங்களுக்கா நேந்தேன்? செபஸ்தியாருக்குல்ல நேந்தேன். மாத்துறதுன்னா அவரு வந்து சொல்லட்டும்.”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஏற்கனவே ஷூ விஷயத்தில் அம்மா கொதித்துப் போயிருந்தாள். நான் நடந்த இடத்தையெல்லாம் பின்னாலேயே வந்து ஈரத்துணியால் துடைப்பாள். “பட்டாளத்துத் திமிரு” என்று தெருவும் பேசத் தொடங்கியிருந்தது. இனிமேல் தப்ப முடியாது.

கடைசியில் பிலோமினாதான் ஒரு வழி சொன்னாள். விரல் இருந்த இடத்தில் பஞ்சையும் துணியையும் சுற்றி வைத்துத் தைத்து, மேலே தடித்த சாக்ஸைப் போட்டுவிட்டாள். தூரத்தில் இருந்து பார்த்தால் முழுக்கால்தான்.

திருவிழா அன்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“சாக்ஸு எதுக்குலே?”

“கால் ஆணிம்மா.”

“அவரு ஒடம்பெல்லாம் அம்பு வாங்கிக்கிட்டு நிக்கிறாரு. உனக்குக் கால் ஆணி பெருசாப் போச்சா?”

சாமியார் குறுக்கே வந்து, “சாக்ஸ் செருப்பில் சேராது” என்று தீர்ப்புச் சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

நனைந்த தெரு

எட்டுப் பேர் தூக்குகிற சப்பரம். எனக்கு இடது பக்க முன்கம்பு. ஆடிக் காற்றில் புழுதியும் ஊதுபத்தி வாசமும் கலந்து அடித்தது. கொட்டு முழங்கப் புறப்பட்டோம்.

வெறுங்காலோடு வருகிறவர்களுக்குச் சுடக் கூடாது என்று எங்கள் தெருப் பெண்கள் சப்பரத்துக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் பிறந்ததில் இருந்து பார்த்த வழக்கம்தான். திட்டம் போட்டபோது அது எனக்கும் ஞாபகம் வரவில்லை, எல்லாம் தெரிந்த டீச்சருக்கும் ஞாபகம் வரவில்லை.

இரண்டு வீடு தாண்டுவதற்குள் சாக்ஸ் நனைந்து கனத்தது. அடிபம்பு முக்கு வரும்போது உள்ளே பஞ்சு உருண்டுபோய் உள்ளங்காலுக்கு வந்துவிட்டது. கால் வழுக்கியது. சப்பரம் என் பக்கம் சாய்ந்தது. “ஏ! ஏ!” என்று கூட்டம் கத்தியது. மேலே செபஸ்தியார் ஆடினார்.

“இன்னாசி, தோள் குடுறா!” என்று பின்னால் இருந்தவர் அலறினார்.

சாக்ஸ் இருக்கிறவரை என்னால் ஊன்ற முடியாது. ஊன்றாவிட்டால் செபஸ்தியார் சுரூபம் கீழே வரும். ஒரு கையால் கம்பைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சாக்ஸை உருவி எறிந்தேன். குதிகாலை ஈர ரோட்டில் அழுத்தி வைத்து நிமிர்ந்தேன். சப்பரம் நேராயிற்று.

முதலில் பார்த்தது கொட்டுக்காரர். கொட்டு நின்றது. பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

“அந்தக் காலுதானே?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“மிதிச்ச காலுதான்” என்றது இன்னொன்று.

தலைகள் எல்லாம் அடிபம்புப் பக்கம் திரும்பின. அங்கே கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றிருந்தாள் பொன்னுத்தாயி.

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சப்பரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். அவள் அந்த ஈரத்தில் உட்கார்ந்து என் இடது காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

“மூணுதானா, தம்பி?”

“மூணுதான்க்கா.”

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். என் காலைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதமும் அதற்கு மேலும் பேசாத பேச்சை அன்று பேசினாள்.

“சொன்னபடி செஞ்சுட்டியேடி.”

பொன்னுத்தாயி தலையை நிமிர்த்தினாள்.

“ஆமா பெரியம்மா. வாய விட்டுட்டேன். விட்ட சொல்லத் திருப்பி வாங்க முடியல. எத்தனையோ கெஞ்சிப் பாத்தேன். அதான் நெருப்புல நின்னு அவகிட்ட வழக்குப் பேசுனேன். ‘ஆத்தா, நான் காலத்தான் சொன்னேன், ஆளச் சொல்லல. சொன்னபடி ரெண்டு காலையும் எடுத்துக்க. ஆள எடுக்க ஒனக்குப் பாத்தியம் இல்ல. ஆளக் குடுத்துரு’ன்னேன். ஓடிக்கிட்டே சொன்னா அவ காதுல விழுகுமோ விழுகாதோன்னு நின்னு சொன்னேன்.”

மூச்சு வாங்கினாள்.

“காலப் போயிக் குடுத்துட்டேனேன்னு அன்னையிலிருந்து தூக்கம் இல்ல. நல்லாருக்குன்னு தம்பி சொல்லவும்தான் சோறு எறங்குச்சு. இப்ப இதுவும் என் வாயாலதான் போயிருக்கு. என்ன செய்யணுமோ செய்ங்க.”

அதுவரை பிலோமினாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை அங்கே, நடுத்தெருவில், சொன்னேன்.

அந்த ராணுவ டாக்டர் முதலில் போட்ட கோடு விரலில் இல்லை. ஒரு சாயங்காலம் வந்து, பேனாவை எடுத்து, என் இரண்டு கணுக்காலுக்கும் மேலே நீலக்கோடு போட்டார். இரண்டு காலையும் எடுக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. மறுநாள் காலை மறுபடியும் வந்தார். வலது காலை அழுத்திப் பார்த்தார். இடது காலை அழுத்திப் பார்த்தார். பஞ்சால் இரண்டு கோட்டையும் அழித்துவிட்டு, மூன்று விரலின் அடியில் மட்டும் சின்னதாக ஒரு கோடு போட்டார். ஏன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு அவர் மொழி தெரியாது.

“அது என்னைக்குலே?” என்று அம்மா கேட்டாள். அவள் குரலே மாறியிருந்தது.

“தெரியாதும்மா. அங்க நாளு கெழமை எதுவும் இல்ல. குளிரு கொறைய ஆரம்பிச்ச நேரம்.”

வாசகர்களே, அது மாசியா, பூக்குழி நாளா என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ரத்த ஓட்டம் திரும்பியிருக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. அந்த அறையில் கோடு அழிந்ததையும் பார்த்தவன் நான், வெந்த பாதத்தோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தவன் நான்.

அம்மா என் காலைப் பார்த்தாள். பொன்னுத்தாயியின் காலைப் பார்த்தாள். மறுபடி என் காலைப் பார்த்தாள்.

“ரெண்டு காலு குடுக்கிறேன்னு போயி, மூணு வெரல்ல பேசி முடிச்சிருக்கா” என்றாள், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

பிறகு குனிந்தாள். “எந்திரிடி. ஈரத்துல உக்காந்துக்கிட்டு.”

பந்தி

சப்பரம் நிலைக்கு வந்ததும் கோயில் வளாகத்தில் அசனப் பந்தி. வருகிற எல்லாருக்கும் கறிச்சோறு போடுவார்கள், சாதி மதம் பார்க்க மாட்டார்கள். ஆனால் நான் காணாமல் போன நாள் முதல் எந்தப் பந்தியிலும் பொன்னுத்தாயியின் பக்கத்து இலைக்கு ஆள் வந்ததில்லை.

அன்றும் அவள் நழுவப் பார்த்தாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பந்தியின் நடுவில் உட்கார வைத்து, தானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பிலோமினா செல்வியைக் கூட்டிவந்து உட்கார்ந்தாள்.

சோற்று வாளியோடு பரிமாறுகிறவர் வழக்கப்படி பந்தியின் தலைமாட்டில் இருந்து ஆரம்பித்தார். ஊர்ப் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். முதல் இலைக்கு அவர் கரண்டியை நீட்டியபோது அம்மா குரல் கொடுத்தாள். எங்கள் வீட்டில் இருந்து கூப்பிட்டால் தெருமுனையில் கேட்கிற குரல் அவளுக்கு.

“ஏப்பா, அத அப்பிடியே நிப்பாட்டிட்டு இங்க வா. மொதல்ல இவளுக்கு வையி. இவ கேட்டுத்தான் எம்புள்ள வந்தான்.”